தலையில் கரண்ட், கையில் பட்டன்

பக்கவாதத்தில் விழுந்த கைக்காகத் தலையில் கரண்ட் வைக்கப் போகிற அன்று தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. முதல் நாள் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐம்பது வருடமாகத் தேங்காய் எண்ணெய் குடித்த தலை. மெஷின் இரண்டு தடவை கீச்கீச்சென்று கத்திவிட்டு நின்றுகொண்டது. "கான்டாக்ட் எடுக்கலைங்க" என்றார் பிசியோ. பத்தாததற்கு நெற்றியில் விபூதிப் பட்டை வேறு. அதைத் துடைத்து, தம்பி வீட்டுக்குப் போய் ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசி, மறுநாள்தான் ஆரம்பிக்க முடிந்தது. பழனி வழியாக நாலு மணி நேரம் பஸ்ஸில் கோயம்புத்தூர் வந்தவனுக்கு ஒரு நாள் வீண்.

திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2022 தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, ராத்திரி பதினோரு மணிக்கு, வெட்டிக்கொண்டிருந்த கத்திரி வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. தீபாவளி சீசனில் தையல்காரன் தூங்குவதில்லை, பி.பி. மாத்திரையும் நினைவுக்கு வருவதில்லை. அசதி என்று நினைத்து, கடையிலேயே துணி மூட்டையில் தலை வைத்துப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து நிற்கப் போனால் வலது கால் தரையில் இல்லை. நாக்கு குழறியது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை.

"எப்ப ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டார். ராத்திரி பதினொன்று என்றதும் முகம் மாறிவிட்டது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நான் ஏழரை மணி நேரம் தாண்டிப் போயிருந்தேன். இனி எழுதப்போகும் எல்லாவற்றையும் விட இந்த மூன்று மணி நேரம்தான் பெரிய விஷயம். கத்திரி இரண்டாவது தடவை விழுந்தபோதே ஆட்டோ பிடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காதோ என்னவோ.

ஸ்கேனில், மூளையின் இடது பக்கம் ஆழத்தில், தலாமஸ் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி. புளியங்கொட்டை அளவுகூட இருக்காது. ஆனால் அந்த இடம் ஒரு சந்து. கைகாலுக்குப் போகிற உத்தரவும், கைகாலிலிருந்து வருகிற தொடு உணர்வும் அந்தச் சந்து வழியாகத்தான் போய்வருகின்றன. எனக்கு இரண்டுமே அடைபட்டன. அசைவு போனது எல்லோருக்கும் தெரிந்தது. உணர்வு போனது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலமே மச்சான் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே இரண்டு புறா. அறுத்து ரத்தத்தைச் சூட்டோடு தடவி, துணி சுற்றி, அசைக்காமல் வைத்தால் பத்தே நாளில் கை தூக்குமாம். பாசத்தோடு செய்கிறவரிடம் எப்படி மறுப்பது? இரண்டு வாரம் கை கட்டிலேயே கிடந்தது. ரத்தம் தடவியதால் கெடுதல் ஒன்றும் இல்லை, நாற்றம்தான். கெடுதல், 'அசைக்காமல்' என்ற வார்த்தையில் இருந்தது. முதல் மூன்று மாதம்தான் மூளை தானாகவே அதிகம் தேறுகிற காலம். அதில் பதினான்கு நாளைக் கட்டுப் போட்டுக் கழித்தேன்.

இன்னொரு தப்பும் நடந்தது. பாத்ரூம் அழைத்துப் போக வந்த ஆள் ஒவ்வொரு முறையும் வலது அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். பிடிக்கிற தசை செத்துக் கிடக்கும்போது தோள் மூட்டு பையிலிருந்து பழம் நழுவுவது போலக் கீழே இறங்கிவிடும். அதைப் பிடித்து இழுத்தால் அப்புறம் மாதக்கணக்கில் வலிதான். சுகாதார நிலையத்திலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் இதைப் பார்த்துப் பதறினார். "அண்ணா, அந்தக் கைய யாரையும் தொட விடாதீங்க. தூக்கணும்னா இடுப்புல பிடிக்கச் சொல்லுங்க." படுக்கும்போது கைக்கு அடியில் தலையணை, உட்காரும்போது மடியில் தலையணை. அதோடு தோள் வலி பாதியாகக் குறைந்தது.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்றால் பிசியோ சென்டரில் முன்னங்கையில் பட்டை ஒட்டி மெஷினைத் திருகுவது. விரல்கள் தானாக விரியும். பார்க்க அதிசயமாக இருக்கும். அது தசைக்கு வைக்கிற கரண்ட். மூளைக்கு வைப்பது வேறு. இது தெரியாமல் நானும் மூன்று மாதம் போனேன். படுத்துக்கொண்டு செல்போன் பார்ப்பேன், கை அது பாட்டுக்கு எழுந்து எழுந்து விழும். பிறகுதான் தெரிந்தது, மெஷின் விரிக்கும் அதே நொடியில் நானும் மனதால் விரிக்க முயல வேண்டும் என்று. சும்மா கிடந்து வாங்கினால் மெஷினுக்குத்தான் பயிற்சி.

அந்தச் சமயத்தில் ஒரு கிளினிக்கில், ஊர் பேர் வேண்டாம், 'மூளைக்கு நேரடி மின்தூண்டல்' என்று பேனர் பார்த்துப் போனோம். முப்பது சிட்டிங், தொண்ணூறாயிரம் ரூபாய், முன்பணம் பாதி. ரிசப்ஷனில் இருந்தவர் பில் புத்தகத்தைத் திறந்துவிட்டார். டாக்டர் என் எம்.ஆர்.ஐ. கவரைப் பிரிக்கவில்லை, கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. "கரண்ட் பாய்ஞ்சா கை தானா வரும்" என்றார். என் மனைவி கழுத்தில் கிடந்ததைத் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் எழுந்தேன்.

தம்பி மகள் கோயம்புத்தூரில் பிசியோதெரபி முடித்துவிட்டு வேலை பார்க்கிறாள். வீட்டில் பாப்பா என்போம். போன் போட்டுச் சொன்னேன்.

"பெரியப்பா, விரல் ஏதாவது அசையுதா?"

"கட்டைவிரல் கொஞ்சம். சுண்டுவிரல் நெனச்சா நெனச்ச நேரம்."

"அப்ப வாங்க. எங்க காலேஜ் ஆஸ்பத்திரியிலயே இருக்கு. ஆனா கரண்ட்டுக்காக வராதீங்க, வேலை செய்யத் தயாரா வாங்க."

கிளம்பும்போது அம்மா அழுதாள். தலையில் கரண்ட் என்றதும் அவள் மனதில் ஓடியது பழைய சினிமாவில் வரும் ஷாக் ட்ரீட்மென்ட். அவளுக்கு நான் சொன்ன கணக்கை இங்கேயும் சொல்கிறேன். மனநோய்க்கு மயக்க மருந்து கொடுத்து வைக்கும் ஷாக் சிகிச்சையில் எண்ணூறு மில்லி ஆம்பியர் அளவுக்குப் போகும். அது வேறு சிகிச்சை, வேறு நோக்கம். என் தலையில் ஓடியது இரண்டு மில்லி ஆம்பியர். செல்போன் சார்ஜரில் இரண்டு ஆம்பியர் என்று போட்டிருக்குமே, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

முதலில் ஒரு சோதனை. சைக்கியாட்ரி பிரிவில் டி.எம்.எஸ். மெஷின் ஒன்று இருந்தது. எட்டு வடிவத்தில் ஒரு காந்தச் சுருள். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழுவினர் செய்து காட்டிய சங்கதி. சுருளைத் தலைக்கு மேல் வைத்து டக்கென்று ஒரு அடி. மண்டையைத் திறக்காமலே காந்தம் உள்ளே போய்க் கரண்டாக மாறி நரம்பைத் தட்டுகிறது. டக். என் வலது கட்டைவிரல் துள்ளியது. நான் துள்ளச் சொல்லவில்லை. ஐந்து மாதமாக நான் கெஞ்சியும் கொஞ்சம் மட்டுமே அசைந்த விரல், யாரோ சொன்னதும் துள்ளுகிறது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"லைன் இருக்கு பெரியப்பா. மெலிஞ்சிருக்கு, ஆனா அறுந்து போகல" என்றாள் பாப்பா. இந்தச் சோதனையைத்தான் முக்கியம் என்பேன். எல்லா இடத்திலும் இந்த மெஷின் கிடைக்காது. கிடைக்காவிட்டாலும், விரலை விரிக்கச் சொல்லிப் பார்த்தாலே அனுபவமுள்ள பிசியோவுக்குப் பாதி தெரிந்துவிடும். பாதை இருக்கிறதா என்று பார்க்காமலே பில் போடுகிறவரிடம் உட்காராதீர்கள்.

வலிப்பு வந்திருக்கிறதா, இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, தலைக்குள் கிளிப், காதுக்குள் கருவி என்று ஏதாவது உலோகம் உண்டா, தலையில் புண் உண்டா என்று ஒரு தாளில் வரிசையாகக் கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். இடது கையால் போட்டேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். பிசியோ ஒரு இஞ்ச் டேப்பை எடுத்தார். கை அசைவுக்கான இடத்தைத் தலையில் கண்டுபிடிக்க அளவு எடுக்க வேண்டும். இரண்டு புருவத்துக்கும் நடுவே மூக்குத் தண்டில் ஆரம்பித்துப் பிடரி மேடு வரைக்கும் ஒரு அளவு, அதில் பாதி. இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் ஒரு அளவு, அதில் பாதி. இரண்டு பாதியும் சந்திக்கிற இடம் உச்சி. அங்கிருந்து காதுப் பக்கமாக, காதளவில் ஐந்தில் ஒரு பங்கு இறங்க வேண்டும். எனக்கு முப்பத்தேழு சென்டிமீட்டர். ஐந்தில் ஒன்று ஏழரைக்குக் கொஞ்சம் குறைவு. பையன் டேப்பைத் தொளதொளவென்று பிடித்திருந்தார். "தம்பி, டேப்ப இழுக்கவும் கூடாது, தொங்க விடவும் கூடாது. நுனிய நகத்துல அழுத்திப் பிடிங்க" என்றேன். மூன்று வாரமும் என் தலைக்கு நான்தான் மாஸ்டர்.

அந்த இடத்தில் ஐந்துக்கு ஏழு சென்டிமீட்டரில் ஒரு ஸ்பாஞ்சு, உப்புத் தண்ணீரில் நனைத்தது, உள்ளே ரப்பர் தகடு. அது பாசிட்டிவ். இன்னொன்று வலது புருவத்துக்கு மேல், நெகட்டிவ். ரப்பர் பட்டையால் கட்டினார்கள். முதல் அரை நிமிடம் எறும்பு ஊர்வது போல் அரிக்கும். அப்புறம் ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீர் மட்டும் கண்ணோரம் ஒழுகும், கர்ச்சீப் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பாஞ்சு காயக் கூடாது, காய்ந்த இடத்தில் கரண்ட் குவிந்து தோலைச் சுட்டுவிடும். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் பையன் விஷயம் கேள்விப்பட்டு, "ஒம்பது வோல்ட் பேட்டரிதானண்ணே, நானே செஞ்சு தர்றேன்" என்று நின்றான். நல்ல பையன்தான். வேண்டாம் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இருபது நிமிடம். வாரம் ஐந்து நாள், மூன்று வாரம், பதினைந்து சிட்டிங்.

இது என்ன செய்கிறது என்று பாப்பா எனக்குச் சொன்ன விதம்: டி.எம்.எஸ். நரம்பைத் தட்டி எழுப்பும். இந்தக் கரண்ட் எழுப்பாது. தூங்குகிறவன் காதருகே மெல்லப் பேசுவது மாதிரி. யாராவது கூப்பிட்டால் சீக்கிரம் எழுவான், கூப்பிடாவிட்டால் தூங்கிக்கொண்டுதான் இருப்பான். 2000-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷேயும் பவுலஸும் சில நிமிடம் இப்படி மெல்லிய கரண்ட் கொடுத்துவிட்டு டி.எம்.எஸ். அடித்துப் பார்த்தார்கள். கைத் தசை முன்னைவிட அதிகமாகத் துள்ளியது. அடுத்த வருடம் பதிமூன்று நிமிடம் கொடுத்தபோது அந்த மாற்றம் தொண்ணூறு நிமிடம் வரை நின்றது. ஆக, கூப்பிடுகிற வேலை நம்முடையது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் கூப்பிட வேண்டும்.

அதனால் தலையில் ஸ்பாஞ்சு இருக்கும்போதே கைக்கு வேலை. பட்டன். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு. முதலில் கோட்டுப் பட்டன், பிறகு பேண்ட் பட்டன், பிறகு சட்டைப் பட்டன். முதல் நாள் இருபது நிமிடத்தில் பதினொன்று. அதற்கே வியர்த்துவிட்டது. கரண்ட் முடிந்த பிறகும் ஒன்றரை மணி நேரம்: டம்ளர் அடுக்குதல், கிளிப் மாட்டுதல், துண்டு பிழிதல். இடது கையில் சமையலறைக் கையுறை மாட்டி மடியில் கட்டிப்போட்டுவிடுவாள் பாப்பா. நல்ல கையைக் கட்டினால்தான் கெட்ட கை வேலைக்கு வரும் என்று அமெரிக்காவில் எட்வர்டு டாப் என்பவர் குரங்குகளில் ஆரம்பித்து மனிதர்களுக்குக் கொண்டுவந்த முறை. நியாயம்தான். கடையில் பெரிய மாஸ்டர் இருக்கும்வரை சின்னப் பையன் கத்திரியைத் தொட மாட்டான்.

எண்ணிக்கை முக்கியம் என்பாள். 2009-ல் வந்த ஒரு ஆய்வில் பிசியோ சிட்டிங்குகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சிட்டிங்கில் கை வேலை சராசரியாக 32 தடவை. ஆய்வுக்கூடத்தில் குரங்குக்கும் எலிக்கும் நூற்றுக்கணக்கில் செய்ய வைக்கிறார்கள். "எலிக்குக் குடுக்கறத நமக்குக் குடுக்கறதில்ல பெரியப்பா." மூன்றாவது வாரம் நாள் ஒன்றுக்கு முந்நூறு பட்டனைத் தொட்டேன். ஒரு சட்டைக்கு எட்டு என்று வைத்தால் முப்பத்தேழு சட்டை. தீபாவளி சீசன்தான்.

மார்க்கும் உண்டு. ஃப்யூகல்-மேயர் என்ற ஸ்வீடன்காரர் 1975-ல் குழுவோடு போட்ட அளவுகோல், கைக்கு மொத்தம் 66. போகும்போது எனக்கு 24. மூன்று வாரம் முடிந்து 31.

ஊருக்குத் திரும்பி எல்லோரிடமும் சொன்னேன், கரண்ட்தான் காப்பாற்றியது என்று. கடைக்காரர்கள் சங்கத்தில்கூடப் பேசினேன். பாப்பாவிடமும் பெருமையாகச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"பெரியப்பா, அந்த ஏழு மார்க் கரண்ட் குடுத்ததுன்னு எப்படித் தெரியும்?"

அப்புறம் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் பன்னிரண்டு மையங்களில், பக்கவாதம் வந்து மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆன 199 பேர். நல்ல பக்க மூளை கெட்ட பக்கத்தை அமுக்குகிறது, அதைக் கொஞ்சம் அடக்கிவைத்தால் இது எழும் என்ற எண்ணத்தில் நல்ல பக்கத்துக்கு டி.எம்.எஸ்., கூடவே கைப்பயிற்சி. பாதிக்கும் குறைவான பேருக்குப் பொய்ச் சுருள், சத்தம் வரும், வேலை செய்யாது. 2018-ல் முடிவு வந்தது. ஐந்து மார்க்கோ அதற்கு மேலோ ஏறியவர்கள் நிஜத்தில் 67 சதவீதம், பொய்யில் 65. எனக்கு ஓடிய அதே வகைக் கரண்ட்டை 129 பேரிடம் பார்த்த முடிவு பின்னாளில், 2025-ல் வந்தது. பொய், இரண்டு மில்லி ஆம்பியர், நாலு மில்லி ஆம்பியர் என்று மூன்று கூட்டம், எல்லோருக்கும் நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பயிற்சி. மூன்று கூட்டமும் தேறியது, பெரிய வித்தியாசம் இல்லை. பொய்க் கரண்ட் என்றால் முதல் அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டு நிறுத்திவிடுவார்கள். எறும்பு ஊரும், அவ்வளவுதான். நமக்கு வித்தியாசம் தெரியாது.

அன்று ராத்திரி எனக்குக் கோபம்தான் வந்தது. என் கை, என் ஏழு மார்க். பிறகு யோசித்தேன். கரண்ட் இல்லாமல், "கோயம்புத்தூர் வந்து மூணு வாரம் தினம் ரெண்டு மணி நேரம் பட்டன் பொறுக்குங்க" என்று சொல்லியிருந்தால் போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன். வீட்டிலேயே செய்கிறேன் என்று சொல்லி செய்யாமல் இருந்திருப்பேன். மெஷின் என்னை உட்கார வைத்தது. தலையில் ஸ்பாஞ்சு இருக்கிறதே, வீணாக்கக் கூடாதே என்று கை வேலை செய்தது. அந்த ஸ்பாஞ்சில் கரண்ட் ஓடியதா உப்புத் தண்ணீர் மட்டுமா என்பது அதற்கு அப்புறம்தான்.

எல்லாக் கரண்ட்டும் இப்படி இல்லை. கழுத்தில் வேகஸ் என்ற நரம்புக்குக் கம்பி சுற்றி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி வைத்து, கை ஒவ்வொரு முறை அசையும்போதும் பிசியோ பட்டனை அழுத்தித் தட்டிவிடுகிற முறை ஒன்று இருக்கிறது. 108 பேரில் பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்துச் சொல்லத்தக்க அளவு தேறியிருந்தவர்கள் நிஜத்தில் 47 சதவீதம், பொய்யில் 24. அந்த வருடமே அமெரிக்க அரசு அனுமதியும் கொடுத்தது. அங்கும் கரண்ட் தனியாகப் போகவில்லை, அசைவோடு சேர்ந்து போகிறது. ஆபரேஷன், செலவு என்று யோசித்தால் என்னைப் போன்றவனுக்கு அது இப்போதைக்குச் செய்தி மட்டும்தான்.

நான் உண்மையில் எழுத நினைத்தது இனிமேல்தான்.

கை அசைய ஆரம்பித்தது. ஆனால் அது யாருடைய கையோ. கண்ணை மூடச் சொல்லிவிட்டு பாப்பா என் ஆள்காட்டி விரலை மேலே தூக்கி, "மேலயா கீழயா?" என்பாள். எனக்குத் தெரியாது. பட்டனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எடுத்தால் வரும், கண் அந்தப் பக்கம் திரும்பினால் விழும். பேப்பர் கப்பில் டீ கொடுத்தால் நசுக்கிவிடுவேன், எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரல் திரும்பிச் சொல்லவில்லை. ஒரு நாள் இஸ்திரிப் பெட்டி ஓரத்தில் கை பட்டு, "ஏங்க, என்னமோ கருகுதே" என்று மனைவி ஓடி வந்த பிறகுதான் கையை எடுத்தேன். கொப்புளம் ஆற மூன்று வாரம். அன்று முதல் வெந்நீரோ டீயோ இஸ்திரியோ, முதலில் இடது கைதான் தொடும்.

முப்பது வருடமாகத் துணியைத் தொட்டே பெயர் சொன்னவன் நான். பாப்ளினா, காடாவா, டெரிகாட்டனா, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதுதான் போயிருந்தது. கரண்ட் வைத்தது அசைவின் இடத்தில். தொடு உணர்வின் இடம் அதற்குப் பின்னால், ஒரு விரல் தள்ளி இருக்கிறது. கனடாவில் பென்ஃபீல்டு என்ற சர்ஜன் விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் தொட்டுத் தொட்டுப் போட்ட படத்தைப் பாப்பா காட்டினாள். உதடும் கையும் பூதமாக, உடம்பு பொம்மையாக. அவ்வளவு இடம் கைக்கு. "இதையும் வேலை குடுத்துத்தான் எழுப்பணும். உங்க கடையிலேயே மருந்து கெடக்கு."

வெட்டுத்துணி மூட்டை. அதிலிருந்து உள்ளங்கை அளவில் துண்டுகள் வெட்டி அட்டையில் ஒட்டினோம். ஆரம்பத்தில் இரண்டே இரண்டு: சாக்கு, வெல்வெட். கண்ணால் பார்த்து நல்ல கையால் தடவு. பிறகு கெட்ட கையால் தடவு. பிறகு கண்ணை மூடு, மனைவி ஒன்றைக் கொடுப்பாள், சொல்லு. தப்பா சரியா என்று உடனே கண்ணைத் திறந்து பார், தப்பென்றால் பார்த்துக்கொண்டே மறுபடி தடவு. கடைசிப் படியை விட்டால் இது வெறும் ஊகம்தான். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது. முதல் வாரம் பத்துக்கு ஐந்து. காசு சுண்டிப் போட்டாலும் அதே ஐந்துதான் வரும். நாலாவது வாரம் ஏழு. சாக்கு முதலில் வந்தது, விரல் நுனியில் அல்ல, உள்ளங்கை ஓரத்தில், தூரத்தில் யாரோ கூட்டுவது மாதிரி ஒரு சொரசொரப்பு. மனைவியிடம் சொன்னேன். அவள் அட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கண்ணாடியும் வைத்தோம். ட்ரையல் ரூம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் நிறுத்தி, வலது கையைப் பின்னால் மறைத்து, இடது கையை ஆட்டினால் கண்ணாடியில் வலது கை நன்றாக வேலை செய்வதாகத் தெரியும். இல்லாத கை வலிக்கிறது என்றவர்களுக்காக இதைக் கண்டுபிடித்தவர் வி.எஸ். ராமச்சந்திரன், நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1999-ல் பக்கவாதத்துக்கும் இதைச் செய்து பார்த்தார்கள். எனக்கு அசைவில் என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை. கை என்னுடையது என்ற நினைப்பு அதில்தான் முதலில் வந்தது. செலவு, ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

எட்டாம் மாதம் கையில் எரிச்சல் தொடங்கியது. ஃபேன் காற்று பட்டால்கூட மிளகாய் அரைத்த கை மாதிரி. உணர்வு திரும்புகிறது, நல்ல அறிகுறி என்றார்கள் தெரிந்தவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்தேன். நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, தலாமஸில் அடி பட்டவர்களுக்குப் பிந்தி வருகிற வலி இது, பொறுத்துக்கொள்வதில் புண்ணியமில்லை என்று நரம்பு வலிக்கான மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாதி குறைந்தது. தூக்கம் வந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி எரிந்தால் நல்ல அறிகுறி என்று உட்காராதீர்கள்.

ஒரு வருடத்தில் மார்க் 44. மேலே ஏறவில்லை. கத்திரி பிடிக்கிறேன், நேர்க்கோட்டில் நன்றாகவே வெட்டுகிறேன், அக்குள் வளைவை இடது கையால் திருப்பிக்கொடுத்து வெட்டுகிறேன். காஜா எடுக்க வெளியே கொடுக்கிறேன். ஊசியில் நூல் கோப்பது மனைவி.

போன மாதம் வத்தலக்குண்டுக்காரர் ஒருவர் போன் செய்தார். அவர் அண்ணனுக்கு மூளைக்குக் கரண்ட் வைக்க ஒரு இடத்தில் பேக்கேஜ் சொல்கிறார்களாம், நகையை வைக்கலாமா என்றார். எத்தனை மாதம் ஆயிற்று, விரல் ஏதாவது அசைகிறதா, கரண்ட் ஓடும்போது கைக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு, "படுத்துக்கிட்டாப் போதும்னு சொன்னாங்க" என்றார். அப்படியானால் நகை பீரோவிலேயே இருக்கட்டும் என்றேன். கல்லூரி ஆஸ்பத்திரிகளில் ஆய்வாக நடந்தால் போய்க் கேளுங்கள், அங்கே கேட்பார்கள், அளப்பார்கள், பொய்க் கரண்ட் வந்தாலும் பயிற்சி நிஜம். அதுவரைக்கும் வீட்டில் இரண்டு கிண்ணமும் கொஞ்சம் பட்டனும் இருக்கும்தானே என்றேன். அவருக்கு ஏமாற்றம். குரலிலேயே தெரிந்தது.

நேற்று ஒரு அம்மா ரவிக்கைத் துணியோடு வந்தார். பழைய பழக்கத்தில் வலது கையில் வாங்கி, கண்ணை மூடி இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தேன்.

"லினனா?"

"இல்லீங்க மாஸ்டர், காட்டன்தான். கஞ்சி போட்டுருக்கு."

இடது கைக்கு மாற்றித் தொட்டேன். காட்டன்தான்.